திரையில் நின்றுபோன தொடரைக் காமிக்ஸில் பின்தொடர்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

2004 மே மாதம். லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு குறுகிய சந்து. கொட்டும் மழை. எதிரே அரக்கர் படை, வானத்தில் டிராகன். இந்தப் பக்கம் நான்கே பேர், அதில் ஒருவர் குற்றுயிராக. நாயகன் வாளை ஓங்குகிறான், திரை இருண்டுவிடுகிறது. 'ஏஞ்சல்' தொடர் அத்தோடு முடிந்தது. ஐந்து சீசன், 110 எபிசோட் கூடவே வந்தவர்களுக்கு அந்தச் சந்திலிருந்து யார் உயிரோடு வெளியே வந்தார்கள் என்று சொல்ல ஆளில்லை. பதில் வந்தது மூன்றரை ஆண்டு கழித்து, 2007 நவம்பரில். தொலைக்காட்சியில் அல்ல, ஐடிடபிள்யூ பதிப்பகத்தின் காமிக்ஸ் இதழில்.

இப்படிக் காகிதத்துக்குக் குடிபெயர்ந்த தொடர்கள் நிறைய. பஃபி, ஃபயர்ஃபிளை, ஜெரிக்கோ, ஸ்மால்வில், எக்ஸ்-ஃபைல்ஸ், கார்கோயில்ஸ், சாமுராய் ஜாக் என்று பட்டியல் நீளும். ஆனால் கடைக்குப் போய்த் தொடரின் பெயர் போட்ட முதல் புத்தகத்தை எடுத்துப் பிரித்தால் பெரும்பாலும் ஏமாற்றம்தான் மிஞ்சும். எதிலிருந்து தொடங்குவது, எது உண்மையான தொடர்ச்சி, எது வெறும் பக்கக்கதை என்று புரியாது. அந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் இதை எழுதுகிறேன். எந்தத் தொடரை எடுத்தாலும் இரண்டு கேள்விகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: எழுதுவது யார்? உரிமம் யாரிடம் இருக்கிறது? கீழே சொல்லப்போகும் எல்லாமே சுற்றிச் சுற்றி இந்த இரண்டிடம்தான் வந்து நிற்கும்.

படி 1: கதை எங்கே நின்றது என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள்

கேட்கச் சின்ன விஷயம்போல இருக்கும். பலர் தடுக்கி விழுவது இங்கேதான். நானும் விழுந்திருக்கிறேன்.

ஃபயர்ஃபிளை 2002-ல் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் வந்தது. எடுத்தது 14 எபிசோட், அந்த ஆண்டு ஒளிபரப்பானது 11. அதுவும் எடுத்த வரிசையில் அல்ல. கதையைத் தொடங்கிவைக்கும் இரண்டு மணி நேர எபிசோடைக் கடைசியாக, டிசம்பர் 20 அன்று போட்டார்கள். எஞ்சிய மூன்றும் டிவிடியில்தான் சேர்ந்தன. பிறகு 2005-ல் 'செரினிட்டி' என்ற திரைப்படம் வந்து கதையை இன்னும் ஒரு பெரிய கட்டம் நகர்த்தியது. ஆக, இந்தக் கதை திரையில் நின்ற இடம் தொடரின் கடைசி எபிசோட் அல்ல, படத்தின் கடைசிக் காட்சி. இது தெரியாமல் நான் 2014-ல் வந்த 'லீவ்ஸ் ஆன் த விண்ட்' காமிக்ஸை முதலில் படித்தேன். அது படத்துக்குப் பின் நடக்கும் கதை. படத்தில் நெஞ்சைப் பிளக்கும் ஒரு மரணம் உண்டு. அதை நான் திரையில் அனுபவிக்கவில்லை, ஏற்கெனவே நடந்துமுடிந்த செய்தியாக ஒரு காமிக்ஸ் பக்கத்தில் தெரிந்துகொண்டேன். அந்த இழப்பைத் திரும்பப் பெற வழியே இல்லை.

எனவே முதலில் மூன்றைச் சரிபாருங்கள்: ஒளிபரப்பாகாத எபிசோட் உண்டா, பின்னால் வந்த திரைப்படமோ குறுந்தொடரோ உண்டா, கடைசி எபிசோடுக்கு வேறு முடிவு ஏதும் எடுக்கப்பட்டதா. மூன்றாவதற்கு ஜெரிக்கோ நல்ல உதாரணம். சிபிஎஸ் தொலைக்காட்சி 2007-ல் அதை நிறுத்தியபோது ரசிகர்கள் அலுவலகத்துக்குச் சுமார் 20 டன் நிலக்கடலை அனுப்பினார்கள். முதல் சீசனின் இறுதியில் நாயகன் சரணடைய மறுத்துச் சொல்லும் 'நட்ஸ்' என்ற ஒற்றைச் சொல்லுக்கு ஆங்கிலத்தில் கொட்டைகள் என்றும் பொருள் உண்டு, அதனால் கடலை. பலன், இன்னும் ஏழு எபிசோட் கிடைத்தன. அந்த ஏழின் இறுதிக்கு இரண்டு முடிவுகள் எடுத்து வைத்திருந்தார்கள். தொடர் நீடித்தால் ஒன்று, நின்றால் இன்னொன்று. நின்றுவிட்டது. கதையை ஓரளவு கட்டி முடிக்கும் முடிவுதான் ஒளிபரப்பானது, காமிக்ஸ் அதற்குப் பின்னாலிருந்து தொடங்குகிறது.

படி 2: கையிலிருப்பது தொடர்ச்சிதானா என்று பாருங்கள்

ஒரு தொடரின் பெயரில் வரும் காமிக்ஸ் எல்லாம் ஒரே ரகம் அல்ல. காட்டேரிகளை வேட்டையாடும் பெண்ணின் கதையான பஃபியை எடுத்துக்கொண்டால் மொத்த ரகமும் அதற்குள்ளேயே கிடைத்துவிடும். தொடர் 1997 முதல் 2003 வரை ஏழு சீசன் ஓடியது. அது ஓடிக்கொண்டிருந்த காலத்திலேயே, 1998-ல், டார்க் ஹார்ஸ் பதிப்பகம் மாத இதழ் ஒன்றைத் தொடங்கி 63 இதழ்கள் வெளியிட்டது. அவை பக்கக்கதைகள். படிக்கச் சுவையாக இருக்கும், ஆனால் தொடரின் முடிவுக்குப் பின் என்ன நடந்தது என்பதற்கு அவற்றில் விடை கிடையாது. 2007 மார்ச்சில் அதே பதிப்பகம் தொடங்கிய 'சீசன் எய்ட்'தான் தொடர்ச்சி. 2019 ஜனவரியில் பூம் ஸ்டூடியோஸ் தொடங்கியது மூன்றாவது வகை. அது கதையை அடியிலிருந்து புதிதாகச் சொல்லும் மறுதொடக்கம், பஃபி மறுபடி பள்ளி மாணவி. மூன்றிலும் அட்டையில் ஒரே பெயர்.

அட்டையில் சீசன் எண் இருந்தால் அது பெரும்பாலும் தொடர்ச்சி. எண் இல்லாவிட்டால், முதல் இதழ் வெளியான ஆண்டையும் தொடர் முடிந்த ஆண்டையும் ஒப்பிடுங்கள். தொடர் ஓடும்போதே வந்தது என்றால் பக்கக்கதையாகவே இருக்கும். ஸ்டார் ட்ரெக் முதல் தொடர் 1969-ல் நின்ற பிறகும் கோல்ட் கீ நிறுவனத்தின் காமிக்ஸ் 1979 வரை வந்துகொண்டே இருந்தது, மொத்தம் 61 இதழ்கள். அது தொடங்கியது 1967-ல், தொடர் ஓடிக்கொண்டிருந்தபோது. தனித்தனிச் சாகசங்களின் வரிசைதான் அது. தொடர் விட்ட இடத்திலிருந்து எடுத்துச் செல்லும் எண்ணமே அதில் இல்லை.

படி 3: எழுதுபவரின் பெயரைப் படியுங்கள்

எல்லாப் படிகளிலும் நான் அதிகம் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். அட்டையிலிருக்கும் நடிகர் முகத்தைப் பார்த்து மயங்க வேண்டாம், உள்பக்கத்தில் கதாசிரியர் யார் என்று பாருங்கள். மூலத் தொடரை உருவாக்கியவரோ அதன் எழுத்துக்குழுவைச் சேர்ந்தவரோ காமிக்ஸில் உண்மையாகவே உழைத்திருந்தால், கதாபாத்திரங்கள் வாயைத் திறந்த முதல் படக்கட்டத்திலேயே நமக்குத் தெரிந்துவிடும். பேச்சுக்குமிழியைப் படிக்கும்போது அந்த நடிகரின் குரல் காதில் ஒலிக்கும். ஒலிக்கவில்லை என்றால் ஓவியம் எவ்வளவு அழகாக இருந்தாலும் பயனில்லை.

பஃபி சீசன் எய்ட்டின் முதல் நான்கு இதழ்களைத் தொடரைப் படைத்த ஜாஸ் வீடனே எழுதினார். பிறகு வந்தவர்களில் ஜேன் எஸ்பென்சன், ட்ரூ கோடார்ட், ஸ்டீவன் டிநைட் போன்றோர் தொலைக்காட்சித் தொடரிலேயே எழுதியவர்கள். காமிக்ஸ் உலகிலிருந்து பிரையன் கே. வான் வந்து 6 முதல் 9 வரையிலான இதழ்களை எழுதினார். என் கணக்கில் அந்த நான்கு இதழ்கள்தான் முழு சீசனிலும் சிறந்தவை. தொடரை நேசித்த, ஆனால் காமிக்ஸின் இலக்கணத்தை அதைவிட நன்றாக அறிந்த ஒருவர் எழுதியதால் வந்த கூர்மை அது. தொலைக்காட்சி எழுத்தாளர் எல்லாருக்கும் காமிக்ஸ் கைவந்துவிடாது. ஒரு கட்டத்துக்குள் ஐந்து வரி வசனத்தைத் திணிப்பது அவர்கள் அடிக்கடி செய்யும் பிழை.

ஸ்மால்வில் பத்து சீசன்களோடு 2011 மே மாதம் முடிந்தது. அடுத்த ஏப்ரலில் தொடங்கிய 'சீசன் 11'-ஐ எழுதிய பிரையன் க்யூ. மில்லர் அந்தத் தொடரில் ஏற்கெனவே எபிசோட் எழுதியவர். கார்கோயில்ஸ் கதை இன்னும் நெகிழ்ச்சியானது. டிஸ்னியின் அந்த அனிமேஷன் தொடர் 1994 முதல் 1997 வரை வந்தது. அதை உருவாக்கிய கிரெக் வைஸ்மன் மூன்றாவது சீசனின் முதல் எபிசோடோடு விலகிவிட்டார். 2006-ல் காமிக்ஸ் எழுத வாய்ப்புக் கிடைத்தபோது, அந்த முதல் எபிசோடின் கதையை மட்டும் எடுத்துக்கொண்டு, மூன்றாவது சீசனின் மீதியை ஒதுக்கிவிட்டுத் தன் வழியில் கதையைத் தொடர்ந்தார். இரண்டாவது சீசனோடு மனத்தளவில் நின்றுவிட்ட ரசிகர்களுக்கு அது பத்து ஆண்டுக் காத்திருப்பின் பலன்.

அட்டையில் 'நிர்வாகத் தயாரிப்பாளர்' என்று மூலப் படைப்பாளியின் பெயர் இருந்தால் மட்டும் போதாது. சிலர் கதைச் சுருக்கம்வரை உட்கார்ந்து பேசுவார்கள், சிலருடைய பெயர் வெறும் முத்திரை. கதை யாருடையது, வசனம் யாருடையது என்று இதழின் உள்ளே பிரித்துப் போட்டிருப்பார்கள். நம்ப வேண்டியது அந்த வரியைத்தான்.

படி 4: உரிமம் எந்தப் பதிப்பகத்திடம் என்று பாருங்கள்

தொடரின் சொந்தக்காரர் தயாரிப்பு நிறுவனம். காமிக்ஸ் பதிப்பகம் குறிப்பிட்ட காலத்துக்கு உரிமம் வாங்கித்தான் வெளியிடுகிறது. காலம் முடிந்தால் உரிமம் வேறு இடத்துக்குப் போகும், சில நேரம் எங்கும் போகாது. கதை பாதியில் தொங்குவதற்கும், ஒரே கதை இரண்டு பதிப்பகங்களில் சிதறிக் கிடப்பதற்கும் காரணம் பெரும்பாலும் இதுதான்.

பஃபியிலிருந்து கிளைத்த தொடர்தான் ஏஞ்சல். இருவரும் ஒரே உலகத்தவர். ஆனால் காமிக்ஸில் அப்போது பஃபி டார்க் ஹார்ஸிடம் இருந்தது, ஏஞ்சல் ஐடிடபிள்யூவிடம். ஆகவே ஐடிடபிள்யூ வெளியிட்ட 'ஆஃப்டர் த ஃபால்' (17 இதழ்கள், வீடனோடு சேர்ந்து கதை அமைத்து பிரையன் லிஞ்ச் எழுதியது) ஒரு பக்கமும், சீசன் எய்ட் மறுபக்கமும் பெரும்பாலும் தனித்தனியாகவே நகர்ந்தன. ஏஞ்சல் உரிமம் டார்க் ஹார்ஸுக்கு மாறிய பின்தான், 2011-ல் 'ஏஞ்சல் அண்ட் ஃபெய்த்' என்ற பெயரில் இரு கதைகளும் ஒரே கூரைக்குக் கீழ் வந்தன. ஜெரிக்கோவின் 'சீசன் 3' டெவில்ஸ் டியூவில் தொடங்கி ஐடிடபிள்யூவில் முடிந்தது. ஆறே இதழ்கள், அதற்கு இரண்டு பதிப்பகங்கள்.

நடைமுறையில் இதற்குப் பொருள் ஒன்றுதான்: தேடும்போது பதிப்பகத்தின் பெயரைச் சேர்த்துத் தேடுங்கள். ஒரு பதிப்பகத்தின் பட்டியலில் கதை நின்றுவிட்டால், அதே தலைப்பு வேறு பதிப்பகத்தில் எழுந்திருக்கிறதா என்று பாருங்கள்.

படி 5: படிக்கும் வரிசையை ஒரு தாளில் எழுதுங்கள்

ஆறு இதழோடு முடியும் கதைக்கு இது தேவையில்லை. பஃபிக்குத் தாள் இல்லாமல் முடியாது. சீசன் எய்ட் 40 இதழ்கள், ஒன்பது 25, பத்து 30, பதினொன்று 12, பன்னிரண்டு வெறும் 4. ஒன்பதாவது சீசனில் பஃபியின் இதழும் 'ஏஞ்சல் அண்ட் ஃபெய்த்' இதழும் பக்கம் பக்கமாக ஓடுகின்றன, 25-க்கு 25. ஒன்று சான் பிரான்சிஸ்கோவில், மற்றொன்று லண்டனில். ஒரு தொகுப்பு இது, ஒரு தொகுப்பு அது என்று மாற்றி மாற்றிப் படித்தால் இழை அறாது.

நடுவில் எதிர்பாராத கிளைகளும் உண்டு. சீசன் எய்ட்டின் 16 முதல் 19 வரையிலான இதழ்களில் பஃபி எதிர்காலத்துக்குப் போய் ஃப்ரே என்ற பெண்ணைச் சந்திக்கிறாள். அவளுக்கென்று 2001 முதல் 2003 வரை எட்டு இதழ்களில் தனிக் கதையே இருக்கிறது. அதை முன்பே படித்தவர்களுக்கு அந்தச் சந்திப்பு வேறு மாதிரி விழும். ஏஞ்சலின் 'ஆஃப்டர் த ஃபால்' வரிசையில் 6 முதல் 8 வரையிலான இதழ்கள் பின்னோக்கிப் போய், சந்துச் சண்டை நடந்த அந்த இரவைச் சொல்லும். அதை முன்னால் நகர்த்திப் படிக்க ஆசை வரும், வேண்டாம். அச்சான வரிசையிலேயே படியுங்கள், மர்மம் அவிழும் வேகத்தைக் கணக்கிட்டுத்தான் அங்கே வைத்திருக்கிறார்கள்.

ஃபயர்ஃபிளைக்கு வரிசை இது: 14 எபிசோட், பிறகு தொடருக்கும் படத்துக்கும் பாலமான 'தோஸ் லெஃப்ட் பிஹைண்ட்' (3 இதழ்கள், 2005), பிறகு படம், பிறகு 'த ஷெப்பர்ட்ஸ் டேல்' (2010), பிறகு 'லீவ்ஸ் ஆன் த விண்ட்' (6 இதழ்கள்), அதன்பின் 'நோ பவர் இன் த வெர்ஸ்'. ஷெப்பர்ட் புக் என்ற பாதிரியாரின் கடந்தகாலத்தைத் தொடர் கடைசிவரை சொல்லவே இல்லை. 'த ஷெப்பர்ட்ஸ் டேல்' அதைச் சொல்கிறது, அதுவும் முடிவிலிருந்து பிறப்பை நோக்கிப் பின்னால் நடந்து. தொலைக்காட்சியில் ஒரு முழு எபிசோடை இப்படிச் சொல்ல அனுமதித்திருப்பார்களா என்று எனக்குச் சந்தேகம்தான்.

படி 6: எந்த வடிவில் வாங்குவது

மாத இதழ் என்பது இருபது, இருபத்திரண்டு பக்கக் கதை. பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். நான்கு முதல் ஆறு இதழ்களைச் சேர்த்துக் கட்டியது தொகுப்பு. அதைவிடப் பெரிய, தடித்த அட்டைப் பதிப்புகளும் உண்டு. சீசன் எய்ட் சாதாரணத் தொகுப்பில் எட்டு, பெரிய பதிப்பில் நான்கு. புதிதாகத் தொடங்குபவர் தொகுப்புக்கே போகலாம். பழைய தனி இதழ்களைத் தேடி அலைவது சேகரிப்பவர்களின் வேலை, கதை வேண்டும் என்பவருக்குத் தேவையில்லை.

ஒரே ஒரு எச்சரிக்கை. உரிமம் கைமாறினால் பழைய பதிப்பகம் மறு அச்சுப் போட முடியாது, டிஜிட்டல் பதிப்பும் விற்பனைப் பட்டியலிலிருந்து இறங்கிவிடலாம். ஒரு தொகுப்பு வாங்கிப் பிடித்திருந்தால் மீதியைத் தள்ளிப்போடாதீர்கள். நடுவில் ஒரு தொகுப்பு மட்டும் கிடைக்காமல் திண்டாடுவது மிகவும் வழக்கமான துயரம். பொது நூலகங்கள் காமிக்ஸ் தொகுப்புகளை வைத்திருக்கும் ஊரில் இருந்தால் முதலில் அங்கே பாருங்கள்.

படி 7: எபிசோடைப் பார்ப்பதுபோலப் படிக்காதீர்கள்

தொலைக்காட்சியில் வேகத்தை முடிவுசெய்வது இயக்குநர், காமிக்ஸில் பக்கத்தைப் புரட்டும் விரல். வலப்பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் கதவு திறக்கும், உள்ளே யார் என்பது பக்கத்தைத் திருப்பினால்தான் தெரியும். அவசரமாகப் புரட்டினால் இந்த வேலைப்பாடு எல்லாம் வீண். முதல் தடவை வசனத்துக்காக, இரண்டாம் தடவை படத்துக்காக என்று ஒவ்வோர் இதழையும் இரண்டு முறை படிப்பது என் வழக்கம்.

முகங்கள் சில சமயம் நடிகர்களைப் போல இராது. நடிகரின் உருவத்தைப் பயன்படுத்துவதற்குத் தனி அனுமதி தேவைப்படலாம். அனுமதி இருந்தாலும், ஒவ்வொரு கட்டத்திலும் புகைப்படத்தைப் பார்த்து வரைந்தால் உருவம் விறைத்துப்போகும். சீசன் எய்ட்டில் ஜோ சென் தீட்டிய அட்டைகளில் முகங்கள் அப்படியே உயிரோடு இருக்கும். உள்ளே ஜார்ஜஸ் ஜான்டி உருவங்களைத் தளர்வாக, அசைவோடு வரைவார். முதல் இதழில் உறுத்தும், மூன்றாவதில் பழகிவிடும்.

இன்னொன்று, பட்ஜெட். தொலைக்காட்சியில் ஒரு டிராகனைக் காட்டப் பெருஞ்செலவு ஆகும், காமிக்ஸில் பேனாக்கோடு போதும். இந்தச் சுதந்திரம் பல தொடர்ச்சிகளைத் தடம் புரளவைத்திருக்கிறது. சீசன் எய்ட்டின் முதல் இதழிலேயே பஃபியின் தங்கை ராட்சத உருவில் நிற்கிறாள். கதை கண்டம் கண்டமாகத் தாவுகிறது, திபெத் வரை போகிறது. பிரம்மாண்டம் கூடக் கூட, வாடகை கட்ட வழி தெரியாத ஓர் இளம்பெண்ணின் கதை என்ற பழைய நெருக்கம் தேய்ந்தது. வீடனும் அதை உணர்ந்து, கடைசி இதழின் கடிதத்தில் மறுபடி தரைக்கு இறங்கப்போவதாக வாசகர்களுக்கு எழுதினார். ஒன்பதாவது சீசன் அப்படியே ஒரு சாதாரண நகர வாழ்க்கைக்குத் திரும்பியது. எட்டு பிடிக்காமல் பாதியில் நிறுத்தியவர்கள் ஒன்பதுக்காகத் திரும்பி வரலாம் என்பது என் பரிந்துரை.

படி 8: தொலைக்காட்சி திரும்பி வந்தால் என்ன செய்வது

எக்ஸ்-ஃபைல்ஸ் 2002-ல் முடிந்தது. 2013-ல் ஐடிடபிள்யூ 'சீசன் 10' என்று காமிக்ஸைத் தொடங்கியது. எழுதியவர் ஜோ ஹாரிஸ், நிர்வாகத் தயாரிப்பாளர் தொடரைப் படைத்த கிறிஸ் கார்ட்டர். இருபத்தைந்து இதழ்கள் வந்து, 'சீசன் 11'-உம் தொடங்கியது. அப்போது ஃபாக்ஸ் தொடரை உயிர்ப்பித்தது. 2016 ஜனவரியில் ஆறு புதிய எபிசோட். அதுவும் பத்தாவது சீசன்தான். காமிக்ஸில் நடந்தவற்றை அது கணக்கில் எடுக்கவில்லை. சாமுராய் ஜாக்குக்கும் இதேதான்: 2013 முதல் 2015 வரை 20 இதழ்கள், பிறகு 2017-ல் திரையிலேயே ஐந்தாவது சீசன், வேறு பாதையில்.

கதையின் உரிமை தயாரிப்பு நிறுவனத்திடம் இருக்கும்வரை காமிக்ஸின் முடிவு எப்போதும் மாற்றத்துக்கு உட்பட்டதுதான். இதைத் தெரிந்துகொண்டே படியுங்கள். இரண்டு பாதையும் உள்ள தொடரில், அவை வந்த ஆண்டு வரிசையிலேயே போகச் சொல்வேன். முதலில் காமிக்ஸ், பிறகு புதிய சீசன். ரசிகர்கள் வருடக்கணக்காக எதை நிஜமென்று நினைத்து வாழ்ந்தார்கள் என்பது அப்போதுதான் புரியும்.

படி 9: அறிவிப்பு வந்திருந்தால்

அறிவிப்பு வேறு, இதழ் வேறு. 2009-ல் நின்றுபோன 'புஷிங் டெய்சீஸ்' தொடரின் கதையை டிசி காமிக்ஸ் நிறுவனத்தின் வைல்ட்ஸ்டார்ம் பிரிவு காமிக்ஸாகத் தொடரப்போவதாகப் பேச்சு இருந்தது. 2010-ல் அந்தப் பிரிவையே மூடிவிட்டார்கள், இதழ் வரவில்லை. எனக்கு மிகப் பிடித்த தொடர் அது, இன்றும் மனம் ஆறவில்லை.

உங்கள் தொடருக்கு அறிவிப்பு வந்தால் முதல் இதழுக்கு முன்பதிவு செய்யுங்கள். அமெரிக்கக் காமிக்ஸ் கடைகள் விற்காத இதழைப் பொதுவாகத் திருப்பி அனுப்ப முடியாது, எத்தனை பிரதி வேண்டும் என்பதை வெளியீட்டுக்குச் சில வாரங்கள் முன்பே முடிவுசெய்கின்றன. பதிப்பகம் பார்க்கும் எண் அதுதான். இதழ் வந்த பிறகு வாங்கலாம் என்று எல்லாரும் காத்திருந்தால், நான்காவது இதழோடு கதை மறுபடி நின்றுபோகலாம்.

எதில் தொடங்குவது என்று கேட்டால், ஒரு முழு சீசனுக்கு நேரமில்லாதவருக்கு ஜெரிக்கோவின் ஆறு இதழ்கள். தொடரின் எழுத்துக்குழுவே கதை அமைத்தது, திரையின் இறுதிக் காட்சியிலிருந்து நேராகத் தொடங்குகிறது. நேரம் இருப்பவர்கள் 'ஏஞ்சல்' கடைசி எபிசோடை மறுபடி ஒருமுறை போட்டு, திரை இருண்டதும் விளக்கைப் போட்டு, 'ஆஃப்டர் த ஃபால்' முதல் தொகுப்பைப் பிரியுங்கள். அன்று நாங்கள் மூன்றரை ஆண்டு காத்திருந்தோம். உங்களுக்கு அரை நிமிடம்.